கம்பெனி டயர் தேஞ்சு போச்சு, அடுத்து எதைப் போடறது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல டயர் கேள்விதான் குவிஞ்சு கிடக்கு, அதுலயும் நிறைய பேர் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க, வண்டியோட கம்பெனிலேர்ந்து வந்த முதல் செட் தேஞ்சு போய் அடுத்து எதை வாங்கறதுன்னு நிக்கறவங்க. அதனால இந்த தடவை முழுக்க டயர்தான். கேள்வியெல்லாம் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கேன். 245/35 ஆர்19னு வந்தா 245 மிமீ அகலம், சைடுவால், அதாவது டயரோட பக்கச்சுவர், அந்த அகலத்துல 35 சதவீத உயரம், ரிம் 19 இன்ச்னு படிச்சுக்கோங்க.

கேள்வி: அண்ணே, என்னோடது பின் சக்கர டிரைவ் கூபே. முன்னாடி 245/35 ஆர்19, பின்னாடி 265/35 ஆர்19. 21,000 கிமீ ஓடியிருக்கு, பின் டயர் ரெண்டும் முடிஞ்சிடுச்சு, முன்னாடி பாதி இருக்கு. டயர் சைடுல ஒரு ஸ்டார் குறி இருக்கு. அதே ஸ்டார் போட்டதுதான் வாங்கணுமா, வேற கம்பெனி போட்டா தப்பா? பின்னாடி மட்டும் மாத்தினா போதுமா?

பதில்: தம்பி, பின் டயர் முடிஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, எப்படி முடிஞ்சிருக்குன்னு எழுதலையே. எனக்கு முதல்ல தெரியணும்னு தோணறது அதுதான். கடையில வண்டியைத் தூக்கி சக்கரத்தைக் கழட்டினதும் பழைய டயரை ஒரு ஓரமா உருட்டி விட்ருவாங்க, அதுக்கு விடாதீங்க, ஒரு பத்து நிமிஷம் அதோட உக்காருங்க. ஆழம் அளக்கற சின்ன கேஜ் ஒண்ணு கிடைக்கும், அதை வச்சு ஒவ்வொரு டயர்லயும் உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு மூணு இடத்துல அளந்து எழுதிக்கோங்க. நடு மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகமா வச்சு ஓட்டியிருக்கீங்க, ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா காத்து கம்மியா ஓடியிருக்கு. இது ரெண்டும் சுலபமா சரி பண்ணிக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் கார்ல நிஜமான ஆபத்து உள் ஓரம்தான். வளைவுல வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் முழு அகலத்துக்கும் ரோட்டுல படியணும்னு கம்பெனிலயே சக்கரத்தோட மேல் பக்கத்தை கொஞ்சம் உள்ள சாய்ச்சு வச்சிருப்பாங்க, அதுதான் நெகட்டிவ் கேம்பர். நேரா ஓட்டும்போது அந்த சாய்வால உள் ஓரத்துல பாரம் கூட விழும், ஆனா கேம்பர் மட்டும்னா தேய்மானம் மெதுவாத்தான் நடக்கும். கூடவே டோவும் தப்பா இருந்தா, அதாவது ரெண்டு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்லாம லேசா உள்ளயோ வெளியவோ பார்த்துக்கிட்டு இருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் ரப்பர் பக்கவாட்டுல இழுபட்டுக்கிட்டே போகும், உள் ஓரம் கொஞ்ச மாசத்துலயே காணாம போயிடும். நின்ன வாக்குல பார்த்தா வெளி ஓரத்துல 4 மிமீ இருக்கும், நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டிட்டு இருப்போம். போனை வண்டிக்கு அடியில நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்க, உள் ஓரத்துல ரப்பர் வழுவழுன்னு ஆகி அதுக்குள்ளேர்ந்து மெல்லிசா முடி மாதிரி கம்பி எட்டிப் பார்க்கும். அந்த நிலைமையில டயர் எப்ப வேணா வெடிக்கலாம், வண்டியை அங்கயே நிறுத்திடணும்.

டோ தப்புன்னு கண்டுபிடிக்க கையே போதும். உள்ளங்கையை டயரோட ரோட்டுல படற பகுதி, அதாவது ட்ரெட் மேல வச்சு உள்ளேர்ந்து வெளிய தடவுங்க, அப்புறம் வெளிலேர்ந்து உள்ள தடவுங்க. ஒரு பக்கம் போகும்போது வழுக்கிட்டுப் போயி திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி உரசிச்சுன்னா டோ சரியில்லன்னு அர்த்தம். கம்பி தெரியற டயர்ல மட்டும் இந்த வேலை வேணாம், கை கிழிஞ்சிடும். புது டயர் போட்ட அன்னிக்கே நாலு சக்கர அலைன்மென்ட் பார்த்துடுங்க, இல்லன்னா பழைய டயரைத் தின்ன அதே கோணம் புதுசையும் தின்னுடும்.

இப்ப ஸ்டார் விஷயம். அது பிஎம்டபிள்யூ குறி. போர்ஷேக்கு என்0, என்1ன்னு வரும், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. கார் கம்பெனியும் டயர் கம்பெனியும் சேர்ந்து அந்த வண்டிக்காகவே ரப்பர் கலவையையும் உள்கட்டமைப்பையும் டியூன் பண்ணின டயர்னு அர்த்தம். அதே பேர்ல, அதே சைஸ்ல, குறி இல்லாத டயர் பக்கத்துலயே அடுக்கி வச்சிருப்பாங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல. அதுக்காக குறி இல்லாதது மட்டம்னும் சொல்ல மாட்டேன். கம்பெனி டயர்ங்கறது பல கணக்கு போட்டு எடுத்த முடிவு, சத்தம், எரிபொருள் செலவு, சவாரி, கிரிப் எல்லாத்தையும் ஒரே டயர்ல அடக்கணும், அதனால உங்களுக்கு எது ரொம்ப முக்கியமோ அதுல வேற டயர் ஜெயிக்கலாம். வண்டி டிசைன் ஆகும்போது தேர்ந்தெடுத்த டயர் அது, அதுக்கப்புறம் அதே கம்பெனியிலயே அடுத்த தலைமுறை வந்திருக்கும், ஈர ரோட்டுல பிரேக் பிடிக்கறதுல புதுசு பழசை விட நல்லாவே இருக்கலாம்.

உங்க விஷயத்துல என் முடிவு இதுதான். முன் டயர்ல பாதி இருக்குன்னா அதைத் தூக்கிப் போட வேணாம், பின்னாடிக்கு அதே ஸ்டார், அதே மாடல் ரெண்டு வாங்கிப் போடுங்க. வேற கம்பெனிக்கு மாறணும்னு ஆசை இருந்தா நாலும் ஒண்ணா மாத்தற சமயம் வரும் பாருங்க, அப்ப மாறுங்க. முன்னாடி ஒரு டயர் பின்னாடி வேற டயர்னு போட்டா, இதுக்கு இவ்வளவு பிடி அதுக்கு இவ்வளவு பிடின்னு கம்பெனிக்காரன் வச்ச சமநிலை கலைஞ்சிடும், பின்னாடி பிடி கம்மியாகிட்டா ஈரத்துல வளைவுல வண்டியோட வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும், அதை ஸ்டியரிங்கால சமாளிக்கறது எல்லாராலயும் ஆகற காரியமில்ல. போர்ஷே வச்சிருக்கவங்க இன்னொண்ணும் கவனிங்க, அந்த என்னுக்குப் பக்கத்துல இருக்கற நம்பரும் ஒத்துப் போகணும், பழைய என்0வோட என்1ஐக் கலந்து போடாதீங்க.

எப்ப மாத்தணும்னும் சொல்லிடறேன், ஏன்னா "இன்னும் கோடு வரலையே"ன்னு நிறைய பேர் இழுத்துக்கிட்டே போறாங்க. ட்ரெட்டோட வாய்க்காலுக்குள்ள குறுக்க சின்ன மேடு இருக்கும், அது 1.6 மிமீ உயரம், ட்ரெட் அதோட சமமாயிடுச்சுன்னா டயர் முடிஞ்சது, நிறைய நாடுகள்ல சட்டமும் அதே 1.6தான். ஆனா புது ஸ்போர்ட்ஸ் டயர்ல ஆழம் 7, 8 மிமீ இருக்கும், ஈர ரோட்டுல அது தண்ணியை வெளிய தள்ளற சக்தி 1.6 வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே விழ ஆரம்பிச்சிடும். உங்களுது 265 அகலம், அகல டயர் தண்ணி மேல சீக்கிரம் மிதக்கும். என்னைக் கேட்டா 3 மிமீ வந்ததும் மாத்திடுங்க.

கேள்வி: சார், ஆல் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் செடான் வச்சிருக்கேன். நாலு டயரும் 5 மிமீ இருக்கு. போன வாரம் ஒரு டயர்ல சைடுவால் கிழிஞ்சிடுச்சு. ஒண்ணு மட்டும் புதுசா போட்டா போதும்னு கடையில சொல்றாங்க. ஒரே மாடல், ஒரே சைஸ்தான். போடலாமா?

பதில்: போடாதீங்க. சைடுவால் கிழிஞ்சா ஒட்டிப் போடவும் வழியில்ல, பஞ்சர் ரிப்பேர் எல்லாம் ட்ரெட்டோட நடுப்பகுதிக்கு மட்டும்தான், அதனால புது டயர் வாங்கித்தான் ஆகணும். ஆனா ஒண்ணு மட்டும்னா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சைஸ் எழுதலை நீங்க, 245/35 ஆர்19னு வச்சுக்குவோம், புதுசுல குறுக்களவு கிட்டத்தட்ட 654 மிமீ. புதுசுல 8 மிமீ ட்ரெட், உங்க பழசுல 5, அப்ப ஒரு பக்கம் 3, ரெண்டு பக்கமும் சேர்த்து 6 மிமீ குறைஞ்சு 648. பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கு. ஆனா ஒரு கிமீ ஓடறதுக்கு புது டயர் சுமார் 487 சுத்து சுத்தினா பழசு 491 சுத்து சுத்தணும். ஒவ்வொரு கிமீக்கும் நாலரை சுத்து வித்தியாசம், வண்டி நேரா போயிட்டு இருக்கும்போதே. சக்கரங்களை வேற வேற வேகத்துல சுத்த விடறதுக்காக, முக்கியமா வளைவுக்காக வச்ச டிஃபரன்ஷியலும் கிளட்ச் பேக்கும் நேர் ரோட்டுலயும் ஓயாம உழைச்சு சூடாகிக்கிட்டே இருக்கும், டயர்ல மிச்சம் பிடிச்சு கியர்பாக்ஸ்ல கொட்டற கதை அது.

சுபாரு மாதிரி கம்பெனி நாலு டயரோட சுத்தளவும் கால் இன்ச்சுக்குள்ள, அதாவது 6 மிமீ சொச்சத்துக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க. உங்க கணக்குல சுத்தளவு வித்தியாசம் 19 மிமீ கிட்ட வருது. உங்க வண்டி மேனுவல்ல என்ன எல்லை குடுத்திருக்காங்கன்னு பாருங்க, அதுதான் கடைசி வார்த்தை. நாலும் மாத்த மனசு வரலன்னா ரெண்டு வழி இருக்கு. அதே மாடல்ல அதே அளவு தேஞ்ச ஒரு நல்ல டயர் தேடறது, அதோட வயசையும் உள்பக்கத்தையும் பார்த்து வாங்கணும். இல்லன்னா புது டயரோட ட்ரெட்டை மெஷின்ல சீவி மத்த மூணோட அளவுக்குக் கொண்டு வர்றது, எல்லா இடத்துலயும் செய்ய மாட்டாங்க, செய்யற இடம் கிடைச்சா அது நல்ல வழிதான்.

கேள்வி: தம்பி, எனக்கு 60 வயசு தாண்டிடுச்சு. ஆசைக்கு வாங்கின ரெண்டு சீட் கார், 9 வருஷத்துல 14,000 கிமீதான் ஓடியிருக்கு. கம்பெனி டயர் அப்படியே இருக்கு, ட்ரெட் 6 மிமீ, பார்க்க பளபளன்னு இருக்கு. மாத்தச் சொல்றான் என் மகன். தேவையா?

பதில்: ஐயா, உங்க மகன் சொல்றது சரி. டயர் தேயறது ஒரு விதம், மூப்படையறது இன்னொரு விதம், ஓடாம நின்னாலும் ரெண்டாவது நடந்துக்கிட்டே இருக்கும். காத்துல இருக்கற ஆக்சிஜனும் சூடும் வெயிலும் ரப்பரை உள்ளேர்ந்து இறுக்கிடும். சைடுவால்ல டிஓடின்னு ஆரம்பிக்கற ஒரு வரிசை இருக்கும், அதோட கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க, 2316ன்னு இருந்தா 2016ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. சில டயர்ல முழு எண் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும், குனிஞ்சு பார்க்கணும். நீங்க கார் வாங்கின தேதியை வச்சு கணக்குப் போடாதீங்க, டயர் அதுக்கு முன்னாடியே செஞ்சிருப்பாங்க.

மிஷெலின், கான்டினென்டல் மாதிரி கம்பெனிங்க, ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் செஞ்ச தேதிலேர்ந்து 10 வருஷத்துக்கு மேல வேணாம்னு சொல்றாங்க. சில கார் கம்பெனிங்க 6 வருஷம்னே வச்சிருக்காங்க. வேகமா போற வண்டிக்கு நான் அந்த 6ஐத்தான் எடுத்துப்பேன். கட்டை விரல் நகத்தை ட்ரெட்டுல அழுத்திப் பாருங்க, கடையில ஒரு புது டயர்லயும் அதே மாதிரி அழுத்திப் பாருங்க. புதுசுல நகம் லேசா பதிஞ்சு ரப்பர் திரும்ப எழும்பும், உங்களுதுல மேஜை மேல அழுத்தற மாதிரி இருக்கும். அந்த இறுக்கம்தான் பிடியைக் குறைக்குது. சைடுவாலும் ட்ரெட்டும் சேர்ற இடத்துல, வாய்க்காலோட அடியில, மெல்லிசா வெடிப்பு இருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

2013 நவம்பர்ல கலிஃபோர்னியால நடிகர் பால் வாக்கர் இறந்து போன விபத்து ஞாபகம் இருக்கும். அவர் ஓட்டல, பக்கத்து சீட்ல இருந்தார், கார் போர்ஷே கரேரா ஜிடி. 45 மைல் வேக எல்லை இருந்த ரோட்டுல 80லேர்ந்து 93 மைல் வேகத்துல போனதுதான் காரணம்னு 2014ல விசாரணையில சொன்னாங்க. அதோட அந்தக் கார்ல இருந்த டயர் 9 வருஷம் பழசு, அந்த வயசு வண்டியோட கட்டுப்பாட்டைப் பாதிச்சிருக்கலாம்னும் குறிப்பிட்டிருந்தாங்க. உங்களை பயமுறுத்த சொல்லல ஐயா, நீங்க நிதானமா ஓட்டறவர்னு கடிதத்துலயே தெரியுது. ஆனா திடீர்னு பிரேக் அடிக்க வேண்டி வந்தா நிதானமா ஓட்டறவருக்கும் அந்த டயர்தானே உதவணும்.

புதுசு போட்ட பிறகு மாசக்கணக்குல ஒரே இடத்துல நிறுத்தி வைக்காதீங்க, டயர் தரையில பதியற இடம் தட்டையாகி ஓட்டும்போது தடதடன்னு அதிரும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது சூடாகற அளவுக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.

கேள்வி: அண்ணா, நான் தினமும் ஓட்டறது சின்ன ரியர் வீல் டிரைவ் கூபே, 215/45 ஆர்17, ரிம் 7 இன்ச் அகலம். கம்பெனி டயர் முடியப் போகுது. 245 போடு, அதுவும் 200 ட்ரெட்வேர் டயர் போடு, வண்டி ஒட்டிக்கிட்டு போகும்னு பிரெண்ட்ஸ் சொல்றாங்க. போடட்டா?

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு டொயோட்டா ஜிடி86தான் ஞாபகம் வந்துது. 2012ல அது வந்தப்ப எல்லாரையும் குழப்பின விஷயம் அதோட டயர். ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லிட்டு மிஷெலின் பிரைமஸி எச்பி போட்டு விட்டாங்க, உங்க சைஸேதான், 215/45 ஆர்17, ப்ரியஸ்ல கூட சில மாடலுக்கு வந்த டயர் அது. காசை மிச்சம் பிடிக்க அப்படிப் பண்ணல. அந்தக் காரோட சீஃப் இன்ஜினியர் தெட்சுயா தாதா, வேகத்துக்காக இல்லாம ஓட்டற சந்தோஷத்துக்காக ஒரு கார் வேணும்னு நினைச்சவர். பிடி கம்மியா இருந்தா சாதாரண வேகத்துலயே வண்டியோட எடை எங்க நகருது, பின்பக்கம் எப்ப நழுவ ஆரம்பிக்குதுன்னு ஓட்டறவருக்குப் புரியும், நழுவறதும் சட்டுன்னு இல்லாம மெதுவா நடக்கும்.

அதனால ஒட்டற டயர் போட்டா வண்டி வேகமா வளையும்ங்கறது உண்மைதான், ஆனா எல்லை தள்ளிப் போகும், நழுவுச்சுன்னா ரொம்ப அதிக வேகத்துல நழுவும், யோசிக்க நேரம் இருக்காது. அந்த 200ங்கறது என்னன்னா, 100ன்னு ஒரு அளவுகோல் டயரை வச்சுக்கிட்டு அதை விட இது எவ்வளவு மடங்கு தாங்கும்னு டயர் கம்பெனியே குடுத்துக்கற கணக்கு, அது பிடியோட அளவு இல்ல, ரெண்டு கம்பெனி நம்பரை அப்படியே பக்கத்துல வச்சுப் பார்க்கவும் முடியாது. பொதுவா 200 போட்ட டயர் டிராக்கை மனசுல வச்சு செஞ்சது, சூடானாத்தான் ஒழுங்கா பிடிக்கும், வாய்க்கால் கம்மியா இருக்கறதால பெரு மழையில பின்வாங்கும், சத்தமும் போடும். சம்மர் டயர் எதுவா இருந்தாலும் 7 டிகிரிக்குக் கீழ போனா ரப்பர் இறுகிடும், இந்த ஒட்டற ரகத்துல அது இன்னும் மோசம். தினமும் ஓட்டற வண்டின்னு எழுதியிருக்கீங்க, அப்ப இந்த ரகம் வேணாம், 300 சொச்சம் போட்ட நல்ல ஸ்போர்ட்ஸ் சம்மர் டயர் உங்களுக்குப் போதும், கம்பெனி டயரை விட அதுவே பெரிய மாற்றமா தெரியும்.

245 விஷயத்துக்கு வர்றேன். 7 இன்ச் ரிம்முல அதை ஏத்தறது காலுக்குப் பெரிய செருப்பு மாட்டற மாதிரி. 245/40 ஆர்17க்கு குறைஞ்சது 8 இன்ச் ரிம் வேணும். கம்மியான ரிம்முல சைடுவால் ரெண்டு பக்கமும் உப்பிக்கிட்டு நிக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினா ட்ரெட் திரும்பறதுக்கு முன்னாடி சைடுவால் முறுக்கிக்கும், உங்க வண்டியோட பெரிய அழகே அதோட ஸ்டியரிங் பேச்சுதான், அது மழுங்கிடும். ரொம்ப ஆசையா இருந்தா 225/45 ஆர்17 வரைக்கும் போகலாம், 7 இன்ச் ரிம் அதுக்கு சரிப்படும். ஆனா குறுக்களவு 625லேர்ந்து 634 மிமீ ஆகும், ஒன்றரை பர்சென்ட் கிட்ட பெருசு, ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் கம்மியா காட்டும், ஸ்டியரிங் முழுசா திருப்பும்போது எங்கயாவது உரசுதான்னும் பார்க்கணும். நான்னா 215லயே இருந்துட்டு டயரோட தரத்தை மட்டும் ஏத்துவேன்.

எந்த டயர் எடுத்தாலும் சைஸுக்குப் பக்கத்துல இருக்கற நம்பரையும் எழுத்தையும் விட்டுடாதீங்க. 93ஒய்னு இருந்தா ஒரு டயர் 650 கிலோ தாங்கும், மணிக்கு 300 கிமீ வரைக்கும் போகலாம். டபிள்யூன்னா 270, வி-ன்னா 240. கம்பெனி குடுத்ததை விட இதுல எதையும் குறைக்கக் கூடாது, அவ்வளவு வேகம் நான் போகவே மாட்டேன்னாலும் சரி, அந்த எழுத்து டயர் சூட்டை எப்படித் தாங்குதுங்கறதையும் சேர்த்துத்தான் சொல்லுது.

கேள்வி: சார், என் கார்ல கம்பெனிலேர்ந்து ரன்பிளாட் டயர் வந்துது. குண்டு குழியில எலும்பெல்லாம் ஆடுது. தேஞ்ச பிறகு சாதாரண டயருக்கு மாறலாமா? ஸ்டெப்னி கிடையாது.

பதில்: மாறலாம், நிறைய பேர் மாறி சந்தோஷமா இருக்காங்க. ரன்பிளாட்ல சைடுவால்லயே தடிச்ச ரப்பர் வச்சிருக்கும், காத்து மொத்தமும் போனாலும் அதுவே வண்டியைத் தாங்கும், சாதாரணமா 80 கிமீ வேகத்துல 80 கிமீ தூரம். அந்தத் தடிமன்தான் உங்க எலும்பை ஆட்டுது, டயர் எடையும் கூடுது. மாத்தினா சவாரி இளகும், வளைவுல குழி வந்தா சக்கரம் துள்ளாம ரோட்டோட போகும்.

ஆனா மாறணும்னா முன்யோசனை வேணும். டிக்கில காத்தடிக்கற சின்ன கம்ப்ரஸரும் சீலன்ட் பாட்டிலும் கட்டாயம் இருக்கணும், அந்த பாட்டில்ல காலாவதி தேதி இருக்கும், அதைப் பார்க்கணும். சீலன்ட் ஆணி குத்தின ஓட்டைக்குத்தான் உதவும், சைடுவால் கிழிஞ்சா இழுத்துட்டுப் போற வண்டிதான். ராத்திரியில ஆளில்லாத ரோட்டுல அடிக்கடி தனியா போறவரா இருந்தா ரன்பிளாட்டே இருக்கட்டும்னுதான் சொல்லுவேன். மாறினாலும் நாலும் ஒண்ணா மாறுங்க, ரெண்டு இது ரெண்டு அதுன்னு வேணாம். காத்து குறைஞ்சா எச்சரிக்கற டிபிஎம்எஸ் வேலை செய்யுதான்னு முதல்ல உறுதி பண்ணிக்கோங்க.

கேள்வி: டயர் மாத்தும்போது கடையில பக்கத்துல நின்னு எதெல்லாம் கவனிக்கணும்?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி, நான் பட்டதைச் சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு கடையில நாலு டயர் மாத்திட்டு வந்தேன், நேர் ரோட்டுல எல்லாம் நல்லாத்தான் இருந்துது. ஒரு 60 கிமீ தாண்டினதும் ஈரமான வளைவுல இடது பின்பக்கம் மட்டும் ஏதோ தயங்கற மாதிரி ஒரு உணர்வு. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தா, "உள்பக்கம்"னு ஆங்கிலத்துல அச்சடிச்ச எழுத்து வெளிய நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு. ஒரு டயரை மட்டும் திருப்பிப் போட்டிருக்காங்க. இந்த மாதிரி ரெண்டு பக்கமும் வேற வேற வடிவம் இருக்கற டயர்ல வெளிப்பக்கம் வளைவுக்காகப் பெரிய கட்டை கட்டையா இருக்கும், உள்பக்கம் தண்ணிக்காக வாய்க்கால் கூட இருக்கும், மாத்திப் போட்டா ரெண்டும் அதது வேலையைச் செய்யாது. அன்னிலேர்ந்து வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் சுத்தி வந்து எழுத்தைப் படிக்காம கிளம்பறதில்ல. சில டயர்ல இதுக்குப் பதிலா சுத்தற திசைக்கு அம்பு இருக்கும், வண்டி முன்னாடி போகும்போது டயர் அந்த அம்புத் திசையிலதான் சுத்தணும்.

புது டயர்ல மஞ்சள் புள்ளி இருந்தா அது டயரோட எடை கம்மியான இடம், அதை வால்வுக்கு நேரா வச்சா பேலன்சிங்க்கு ஈயம் கம்மியா போதும். ஈயத் துண்டும் ரிம்மோட உள்பக்கம் ஒட்டற வகையா கேளுங்க, வெளி விளிம்புல அடிச்சு மாட்டற வகை அலாயைக் கீறிடும். டிபிஎம்எஸ் சென்சார் வால்வுக்குப் பின்னாடியே உக்காந்திருக்கும், டயரை ரிம்மிலேர்ந்து பிரிக்கற மெஷின் அது மேல பட்டா உடைஞ்சிடும், இதுல சென்சார் இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போல்ட்டை ஏர் கன்னால அடிச்சு முறுக்கறதை மட்டும் அனுமதிக்காதீங்க, கடைசி முறுக்கு கையால, முறுக்கு அளவு காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு, மேனுவல்ல இருக்கற அளவுக்கு. ஸ்போர்ட்ஸ் கார்ல தாழ்வா இருக்கறதால ஜாக்கி எங்க வேணா வைக்க முடியாது, வைக்க வேண்டிய இடத்தை நீங்களே காட்டிடுங்க.

கேள்வி: முன் டயரையும் பின் டயரையும் மாத்தி மாத்திப் போட்டா சமமா தேயுமே, ஸ்போர்ட்ஸ் கார்ல செய்யலாமா?

பதில்: நாலும் ஒரே சைஸ்னா தாராளமா செய்யலாம், திசை அம்பு இருந்தா ஒரே பக்கத்துக்குள்ள முன்னும் பின்னும் மட்டும். பின்னாடி அகலம் கூடன்னா முடியாது.

கேள்வி: அண்ணே, நேத்துதான் நாலும் புதுசு போட்டேன். பழசை விட வழுக்கற மாதிரி இருக்கு, ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்ல தம்பி, பயப்படாதீங்க. டயரை அச்சுலேர்ந்து சுலபமா எடுக்கறதுக்கு ஒரு வழவழப்பு பூசுவாங்க, அதோட மிச்சம் மேல இருக்கும். அதோட புது ட்ரெட் ஆழமா இருக்கறதால ஒவ்வொரு கட்டையும் கொஞ்சம் நெளியும், தேஞ்சு மொட்டையா இருந்த பழசோட பழகின கைக்கு ஸ்டியரிங் லேசா தளர்ந்த மாதிரி தெரியும். முதல் 300 கிமீ நிதானமா ஓட்டுங்க, சடார்னு பிரேக்கும் வேணாம், வளைவுல விரட்டவும் வேணாம், மழையில கூடுதல் கவனம். 100 கிமீ ஓடினதும் போல்ட்டை இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச் வச்சுப் பார்த்துடுங்க. காத்து எவ்வளவுங்கறது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கும், சைடுவால்ல அச்சடிச்சிருக்கறது டயர் தாங்கற உச்சம், அதை வைக்கக் கூடாது. காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே செக் பண்ணுங்க, ஏன்னா டயர் 5, 6 டிகிரி சூடானாலே 1 பிஎஸ்ஐ ஏறிடும், சூட்டோட அளந்துட்டு அதிகமா இருக்கேன்னு காத்தை இறக்கிட்டா மறுநாள் காலையில உங்க புது டயர் காத்து பத்தாம நிக்கும்.